வீணையா, வயலினா? இரவு ஒன்பதரை மணிக்கு ஃபிளாட்டில் எது சரிப்படும்?

சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகை ஃபிளாட் எங்களுடையது. வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். வீட்டுக்குள் நுழையும்போது மணி எட்டரை ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டு, மகளின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டு முடித்தால் ஒன்பதரை. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கு. அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் 42 வயதில் வயலின் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து வீணைக்கு மாறினேன். இப்போது வீணையோடு மூன்று வருடம் ஓடிவிட்டது.

அதனால் இந்த அலசலில் நான் வீணை பக்கம்தான். மேடைக்கு எது நல்லது, குழந்தைகளுக்கு எது நல்லது என்பதெல்லாம் வேறு பேச்சு. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்கும் போய்வந்து, ஆசைக்காக வாசிக்கிற பெரியவர்களுக்கு எது பொருந்தும் என்று மட்டும் பார்க்கிறேன்.

மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம், சத்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் நான் கற்க நினைத்தது கர்நாடக சங்கீதம். கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பது, இல்லாமல் தோடி, பைரவி மாதிரி ராகங்களைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கீபோர்டில் அதைக் கொண்டுவருகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், ஆரம்பத்தில் இருப்பவருக்கு அது எட்டாத தூரம். புல்லாங்குழல்தான் எல்லாவற்றிலும் மலிவு, பைக்குள் போய்விடும். நண்பரின் குழலை இரண்டு வாரம் ஊதிப் பார்த்ததோடு சரி, எனவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மிருதங்கத்தைப் பொறுத்தவரை கீழ்வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் பார்க்கலாம்.

இனி வயலின். விலை, எடை, எடுத்துப்போகிற வசதி மூன்றிலும் வயலினுக்குத்தான் வெற்றி, அதில் பேச்சே இல்லை. கற்றுக்கொள்பவருக்கான வயலின் சில ஆயிரங்களில் கிடைத்துவிடுகிறது. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறலாம், ஸ்கூட்டரில் போகலாம். ஊரோடு இதற்கு உறவும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியே அரிது. நான்கு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று நம் வழக்கத்துக்குச் சேர்த்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு, நுனியை வலது காலில் ஊன்றி வாசிக்கிற முறையும் இங்கே பிறந்ததுதான். மனிதக் குரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் வாத்தியம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாடத் தெரிந்தவர் என்றால் வயலினைத் தாராளமாக யோசிக்கலாம்.

என்னைத் தடுத்தது சத்தம்.

வயலின் ஒலி ஊடுருவிப் போகும். நன்றாக வாசித்தால் அது பெருமை. சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியில் தடுமாறுகிறவர் கையில் வில் இருந்தால் அந்த ஒலியே சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் கட்டில் வரை போகிறது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "அண்ணா, பாப்பா இப்பத்தான் தூங்கினா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சம். நமது சத்த மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதி கிடக்கட்டும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் நமக்கே மனம் கேட்காது.

மியூட் போட்டு வாசித்தேன். தந்திகளைத் தாங்குகிற குதிரை மேல் மாட்டுகிற ரப்பர் துண்டு அது. சத்தம் நன்றாகக் குறைந்தது. கூடவே நாதமும் மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. வயலினில் மெட்டு, அதாவது சுரத்தின் இடம் காட்டுகிற குறுக்குக் கட்டை, கிடையாது, விரல் ஒரு நூல் நகர்ந்தாலும் அபசுரம். சுரம் சேர்ந்ததா இல்லையா என்று காது கேட்டுக் கேட்டுத்தான் விரல் தன் இடத்தைக் கற்கும். அந்தக் காதுக்கே பாதிதான் கேட்கிறது என்றால் கற்பது எப்படி? ஐந்து மாதம் மியூட்டோடு வாசித்துவிட்டு, ஒரு ஞாயிறு மதியம் அதைக் கழற்றி வாசித்தபோது, அவ்வளவு நாளும் காந்தார சுரத்தைச் சற்றுக் குறைவாகவே பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

வீணையின் கதை நேர்மாறு. மீட்டுகிறவருக்கு அருகில் அது முழுசாக ஒலிக்கும், அடுத்த அறைக்குப் போனால் பாதிதான், சுவருக்கு அப்பால் அனேகமாக ஒன்றுமே இல்லை. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சங்கீதம் தெரிந்தவர்களெல்லாம் தேடிப்போய் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்களாம், அவ்வளவு மெல்லிய நாதம். பெரிய சபா அரங்கில் மைக் இல்லாத வீணைக்கு இது குறைதான். எனக்கு வேண்டியது இரண்டு பேர் இருக்கும் கூடத்தில் எனக்குக் கேட்டால் போதும் என்கிற அளவு. இரவு பத்தேகாலுக்கு வாசிக்கிறேன், உள்ளே மகள் தூங்குகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானாகவே போய், "இப்ப ஏதாவது கேக்குதாம்மா?" என்று விசாரித்தேன். "வாசிக்கிறீங்களா என்ன?" என்று கேட்டார்.

இரண்டாவது காரணம் மெட்டு. 24 மெட்டுகள் சுரத்தின் இடத்தை நமக்காகப் பிடித்து வைத்திருக்கின்றன. நாள் முழுக்கக் கணினியைத் தட்டி ஓய்ந்த விரல் போய் அழுத்தினாலும் மத்யமம் மத்யமமாகத்தான் ஒலிக்கும். முதல் வாரத்திலேயே மாயாமாளவகௌளை ராகம் காதுக்கு இதமாக வந்தது. அந்த இதம்தான் மறுநாளும் என்னை உட்கார வைத்தது. வீணை சுலபம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் அடுத்த சுரங்களை வருவிக்கிற கமகத்துக்கு வயலினுக்குத் தேவைப்படும் அதே காது தேவை. எனக்கு அது இன்னும் பிடிபட்டு முடியவில்லை. இடது கை விரல் நுனிகளில் தந்தி பள்ளம் போடும், முதல் இரண்டு மாதம் எரியும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டால் விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

இவ்வளவு பெரிய வாத்தியத்தை வகுப்புக்கு எப்படித் தூக்கிப்போவது என்று பலர் தயங்குகிறார்கள், நானும் தயங்கினேன். நான்கடிக்கு மேல் நீளம், ஆட்டோவில் குறுக்கே வைத்தால் இன்னொருவர் உட்கார முடியாது. ஆனால் தூக்கிப்போகிற தேவையே பெரும்பாலும் வராது. வீணை சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் மாணவர்களுக்கென்று வீட்டில் இரண்டு மூன்று வீணை வைத்திருப்பார்கள். எனக்கு வீணை சொல்லித்தரும் மாமி வீட்டிலும் அப்படித்தான், கையை வீசிக்கொண்டு போகிறேன். வயலினைத்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் சுமக்க வேண்டியிருந்தது.

மாமி முதல் நாளே சொன்னது இன்னொன்று: "உறையைப் போட்டு மூலையில சாத்திடாதீங்கோ, அதோட மறந்துடுவேள்." கூடத்தில் பாய் விரித்து, மேலே பருத்தித் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். கடந்து போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. வயலின் பெட்டி அலமாரிக்குள் போனால் நான்கு நாள் வெளியே வராது.

சரி, பராமரிப்பு. வீணை பக்கம் சாய்ந்திருக்கிற நானே தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். வாங்குவதற்கு முன் இதை யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வீணையின் மெட்டுகள் மரத்தில் ஆணியடித்து நிறுத்தப்பட்டவை அல்ல. தண்டி என்கிற நீண்ட கழுத்துப் பகுதியின் இரு கரையிலும் தேன்மெழுகோடு கரித்தூள் முதலியவை சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் வரப்பு கட்டி, அதன் மேல் வெண்கல மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இந்த வேலைக்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெட்டுகளை ராகத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டிருந்த காலம் போய், 24 மெட்டுகளையும் நிலையாகப் பதிக்கும் முறை 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்ததாகச் சொல்கிறார்கள். நிலையாக என்றாலும் மெழுகு மெழுகுதானே. வெயிலுக்கு இளகும். நாளடைவில் தூசி ஏறிக் காய்ந்து வெடிக்கும். விரல் அழுத்த அழுத்த மெட்டு இம்மியளவு சாயும், தந்தி உரசி மெட்டில் பள்ளம் விழும். காந்தாரம் ஒரு நாளில் கெடுவதில்லை, மெல்ல மெல்லக் கெடுகிறது. அதே காதால் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அது தெரிவதும் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை செல்போனில் இருக்கும் டியூனர் செயலியை வைத்து ஸ, ப மெட்டுகளையாவது சரிபார்த்துக்கொள்கிறேன்.

மேளம் கட்டத் தெரிந்த கைவினைஞர்கள் குறைவு. காதால் கேட்டு ஒவ்வொரு மெட்டாக நிறுத்த வேண்டிய வேலை, எந்திரம் செய்யாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தில் குடைகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து வரும் கைவினைஞர் ஒருவரை மாமி மூலம் பிடித்தோம். என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்தார். அவர் வருகிற தேதிக்கு நாம் காத்திருக்க வேண்டும், விடுப்புப் போட வேண்டும். என் கணக்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இது தேவைப்படும். தினமும் மணிக்கணக்கில் வாசிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே வரலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்தவர்களிடம் வீணையைக் கடைசியாக ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் ஏற்றி, மூடாத லாரியில் இரண்டரை மணி நேரம் கத்திரி வெயிலில் நிறுத்திவிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது மேல் ஸ்தாயி மெட்டுகள் ஆறேழு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. இப்போதெல்லாம் வெயில் காலத்தில் வீணை இடம் மாறுவதென்றால் காரின் பின்சீட்டில், ஏசி போட்டு, என் கூடவே வரும். நிறுத்திய காரில் பத்து நிமிடம்கூட விட மாட்டேன்.

அப்புறம் கடல் காற்று. எஃகுத் தந்தி துருப்பிடிக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் தந்தியை முறுக்குகிற பிருடை இறுகிக்கொள்ளும், காய்ந்த நாளில் வழுக்கும். ஏழு தந்திகளையும் சேர்க்க ஆரம்பத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. முக்கால் மணி நேரத்தில் அது பெரிய பங்கு. இப்போது ஐந்து நிமிடம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துவிட்டால் துரு தள்ளிப்போகிறது.

வயலினுக்கு இந்தப் பாடு இல்லை. வில்லின் முடியை அவ்வப்போது மாற்ற வேண்டும், ரோசின் என்கிற பிசினைத் தேய்க்க வேண்டும், தந்தி மாற்ற வேண்டும். எல்லாமே கடைக்குப் போய் முடித்துவிடக் கூடிய வேலைகள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிற வேலை உங்களுடையது என்றால் வீணை வேண்டாம் என்றுதான் சொல்வேன். தனி வீடு என்றாலோ, மாலை ஆறு மணிக்கே வாசிக்க நேரம் கிடைக்கும் என்றாலோ, என்னை வயலினிலிருந்து விரட்டிய காரணமே உங்களுக்குப் பொருந்தாது.

வீணை வாங்குபவர்கள் புதிதுக்கு அவசரப்பட வேண்டாம். மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பாட்டியின் வீணை பரணில் கிடக்கிறது. என்னுடையதும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான். மூட்டுவலியால் வாசிக்க முடியாமல் போன ஒரு பெரியம்மா, வாசிக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று எடுத்து வைத்திருந்தார். மரம் நன்றாக உலர்ந்து பழகியிருந்தது, மேளம் மட்டும் புதிதாகக் கட்டினேன். குடம் என்கிற உருண்டைப் பகுதியில் கீறல் இருக்கிறதா, தண்டி வளைந்திருக்கிறதா என்று மட்டும் தெரிந்தவர் ஒருவரை அழைத்துப்போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைதான் உசத்தி என்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும். என்னுடையது ஒட்டு வீணை. மாமி வீட்டு ஏகாண்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மூன்று வருடம் கழித்தும் என் காதுக்கு எட்டவில்லை, அதனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது. எலக்ட்ரானிக் வீணையைக் கடையில் ஒருமுறை தொட்டுப் பார்த்ததோடு சரி. ஹெட்போனில் வாசிக்கலாம், மெழுகுத் தொல்லை இல்லை. பலா மரத்தின் அதிர்வு தொடையில் இறங்குகிற சுகம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை, வைத்து வாசித்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

வயலினை விற்கவில்லை. அலுவலகத் தோழியின் பையன் எடுத்துப்போனான், அவர்கள் வீடு தாம்பரத்தில் தனி வீடு. எனக்குத் தை மாதம் அடுத்த மேளம். அதற்குள் மோகன ராக வர்ணத்தை இரண்டாம் காலத்திலும், அதாவது இரட்டை வேகத்திலும், வாசித்துவிட வேண்டும் என்று மாமி சொல்லியிருக்கிறார். பல்லவியும் அனுபல்லவியும் வந்துவிட்டன, அடுத்து வரும் முக்தாயி சுரப் பகுதியில்தான் இன்னும் விரல் பின்தங்குகிறது.