முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போக ஒரு கடை

காதலியை முதன்முதலாக வெளியே கூட்டிப்போக இடம் தேடும் தம்பிகளுக்கு மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ராம் ஆஷ்ரயா ஹோட்டல் சரிப்படாது. கல்யாணமாகி வருஷக்கணக்காகி, காலையிலேயே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். நானும் எங்கள் வீட்டுக்காரரும் அந்தக் கட்சி.

1939-இல் ஆரம்பித்த உடுப்பிக் கடை. சென்ட்ரல் லைன் மாட்டுங்கா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். பெண்களே முழுக்க நடத்தும் ஸ்டேஷன் என்று 2017-இல் பேர் வாங்கியது இதுதான். ஃபாஸ்ட் லோக்கல் ரயில் இங்கே நிற்காது. டோம்பிவிலியிலிருந்து வரும் நாங்கள் குர்லாவில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டிக்கு மாற வேண்டும். கோபமாக இருக்கிற அன்றைக்கு நான் லேடீஸ் பெட்டியில் ஏறிவிடுவேன். ஆனால் குர்லாவில் இறங்கியதும், "எங்க நிக்கீங்க?" என்று போன் போட்டுத்தானே ஆகணும்? பாதி சமாதானம் அந்த நடைமேடையிலேயே முடிந்துவிடும்.

மீதி கடைக்குள். தனி மேஜை வேண்டும் என்றெல்லாம் அடம்பிடிக்க முடியாது. நாலு பேர் மேஜையில் இரண்டு இடம் காலியாக இருந்தால், முன்பின் தெரியாத யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன தடவை எதிரே ஒரு குஜராத்திப் பெரியவரும் அவர் மனைவியும். அந்த அம்மா தேங்காய்ச் சட்னியை என் பக்கம் நகர்த்தி, "லோ பேட்டா" (எடுத்துக்கோம்மா) என்கிறார். அவர்கள் முன்னால் எப்படி முறைத்துக்கொண்டு இருப்பது? ஊரார் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்வது என்ற பழைய பழக்கம், நல்லவேளை, இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

அன்றன்றைக்கு என்ன உண்டு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். சர்வர் வந்து நின்றால் யோசிக்க நேரம் இருக்காது. வீட்டுக்காரரோடு பேசாமல் இருக்கிற நாளிலும், அவருக்காக "ஒரு உப்புமா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அவர் பதிலுக்கு எனக்கு அன்னாசி ஷீரா சொல்வார். நம்ம ஊர் கேசரிதான்; நெய் விரலில் ஒட்டும், அன்னாசித் துண்டு பல்லில் புளிக்கும். பழம் மாறி மாறி வரும், நான் பார்த்தவரை அன்னாசிக்கு இணை இல்லை. காபி வந்ததும் அவர் டபராவில் ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றி என் பக்கம் வைப்பார். மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கிற வம்சம் இல்லை அது.

சாம்பார் உடுப்பிக் கைப்பக்குவம், லேசாகத் தித்திக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏல, இதுல எவன் வெல்லத்தப் போட்டான்?" என்று மகனிடம் கேட்டார். இட்லியைச் சட்னியோடு முடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தித்திப்பு பழகிவிட்டது.

சிநேகிதியோடு மணிக்கணக்காகப் பேச வேண்டுமென்றால் பார்சல் வாங்கிக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் போய்விடுங்கள். இங்கே காபி முடிந்ததும் எழுந்திருப்பதுதான் மரியாதை, வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். தனி ஆட்களுக்கு இருக்கவே இருக்கிறது, ஸ்டேஷனை ஒட்டி 1942-லிருந்து நடக்கும் ராமா நாயக் போர்டிங், வாழையிலைச் சாப்பாடு. வேலை தேடி வந்த தென்னாட்டுப் பையன்களுக்குச் சோறு போட்டுத்தான் மாட்டுங்காவில் இந்த மாதிரிக் கடைகள் வளர்ந்தன. எங்கள் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே சாப்பிட்டவர். "நாயக் கடை ரசம் மாதிரி வராது" என்று இன்றைக்கும் என் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குர்லாவில் வண்டி மாறுவது பாதி நாள் அந்த ரசத்தால்தான்.

கடை விடிகாலையிலேயே திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் போனால் வெளியே காத்து நிற்கும்போது, "சீக்கிரம் கிளம்புன்னு சொன்னேனே" என்று புதிதாக ஒன்று ஆரம்பித்துவிடும்.