ஹனோய் ஏரிக்கரை ஹோட்டல்: நாலு நைட் லேக் வியூவுக்கு காசு, ஏரி தெரிஞ்சது ஒரே ஒரு காலைல

முதல்லயே சொல்லிடுறேன், ஹோட்டல் பேர் போடல. குறை கொஞ்சம் ஜாஸ்தியாவே சொல்லப்போறேன், ஆனா அங்க வேலை பாக்குற பசங்க மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது, அதனால பேர் வேணாம். ஹனோய்ல தாய் ஹோ ஏரிக்கரைல இருக்குற பழைய அஞ்சு நட்சத்திர ஹோட்டல்கள்ல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. கியூபாக்காரங்க கட்டிக்குடுத்த தங் லோய்னு ஒண்ணு 1975ல இருந்து அந்தக் கரைல உண்டு, அது இல்ல. 1986ல ஆரம்பிச்ச சீர்திருத்தத்துல வியட்நாம் வெளிநாட்டு முதலீட்டுக்கு கதவத் திறந்து, 1994ல அமெரிக்கா வர்த்தகத் தடைய எடுத்த பிறகு வெளிநாட்டு கம்பெனிங்க வந்து பெருசு பெருசா கட்டினாங்கல்ல, அந்தத் தலைமுறை பில்டிங்.

நானும் அம்மாவும் மட்டும்தான் போனோம், மார்ச்ல, நாலு நைட்டு. நொய் பாய் ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டல் வண்டிக்கு அவங்க சொன்ன ரேட்ட பாத்துட்டு மூடிட்டு கிராப் ஆப்ல டாக்ஸி போட்டேன், மூணு லட்சம் டாங் கூட ஆகல, நம்ம ஊர் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள. சிவப்பு நதி மேல ஜப்பான் உதவியோட கட்டி 2015ல திறந்த நட் தான் பாலம் வழியாதான் வரணும், அஞ்சு கோபுரம் வச்ச பாலம்னு அம்மாகிட்ட அவ்ளோ பில்டப் குடுத்து கூட்டிட்டு வந்தா ரெண்டு கோபுரம்தான் தெரியுது, மீதி மூணும் பனிக்குள்ள. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

லாபி நல்லா கம்பீரமா இருக்கு. பளிங்குத் தரை, ரெண்டு மாடி உயரத்துக்கு சாண்ட்லியர், ஆனா ஃப்யூஸ் போன பல்புக்கு பதிலா எவனோ வெள்ள எல்இடி மாட்டியிருக்கான், மத்ததெல்லாம் மஞ்ச வெளிச்சம் நடுவுல அஞ்சாறு மட்டும் டியூப்லைட் கலர்ல, கல்யாண மண்டபம் ஞாபகம்தான் வந்துச்சு. லிஃப்ட்ல பித்தளை பட்டன், முப்பது வருஷமா விரல் பட்டு பட்டு நாலாம் நம்பர் சுத்தமா அழிஞ்சு போச்சு, மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கறத அமுக்கணும்.

செக் இன்ல அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே "லேக் வியூ இருக்கு மேடம், ஒரு நைட்டுக்கு அஞ்சு லட்சம் டாங்தான் எக்ஸ்ட்ரா"ன்னுச்சு. ஆயிரத்து எழுநூறு ரூபா மாதிரி வரும். ஏரிக்கரை ஹோட்டலுக்கு வந்துட்டு பார்க்கிங் வியூ எதுக்குன்னு நாலு நைட்டுக்கும் சரின்னுட்டேன். இந்த ஒரு முடிவ மட்டும் நீங்க எடுத்துடாதீங்க, அத சொல்லத்தான் இவ்ளோ எழுதுறேன்.

ரூம் பெருசுதான், இப்போ கட்டுற ஹோட்டல் ரூம் மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். கட்டில் பக்கத்துல மரப்பலகைல வரிசையா சுவிட்ச், ரேடியோ, டிவி, எல்லா லைட்டு, அதுல பாதி வேலை செய்யாது. பாத்ரூம்ல கம்மோடு பக்கத்துல சுவத்துல ஒரு போன் மாட்டி வச்சிருக்காங்க, அந்தக் காலத்து பிசினஸ்மேனுக்கு அது ஒரு பெருமை போல. பாத்டப் ஓரமெல்லாம் மஞ்ச பூத்துடுச்சு. ஜன்னல் திரைய இழுத்தா பின்னாடி இருக்குற ரப்பர் பூச்சு மாவா கைல கொட்டுது. இதெல்லாம் எனக்குப் பெரிய பிரச்சனையே இல்லங்க, பழசுன்னா பழசாத்தான் இருக்கும், மெத்தையும் ஹீட்டரும் நல்லா இருந்தா போதும். ரெண்டும் நல்லாவே இருந்துச்சு. வெந்நீர் நினைச்சப்ப வந்துச்சு.

ஆனா கார்ப்பெட் வாடை. கதவத் திறந்ததும் மழைல நனைஞ்ச கம்பளிய பீரோக்குள்ள வச்சு பூட்டின மாதிரி ஒரு நாத்தம். அம்மா செருப்பக் கழட்டிட்டு பாத்ரூம் பக்கம் போனவ அப்படியே நின்னுட்டா. "ஏண்டி, இப்பதான் துடைச்சிட்டுப் போனாங்களா, தரையெல்லாம் ஈரமா கெடக்கு?" கார்ப்பெட் முடியிற இடத்துல கொஞ்சம் டைல்ஸ், அது மேல பொடிப்பொடியா தண்ணி முத்து. கண்ணாடில தண்ணி வழியுது. சுவத்த தொட்டா கை ஈரம். எனக்கு கோவம் வந்து கீழ போன் பண்ணி பைப் லீக்காகுதுன்னு கத்திட்டேன்.

ஹவுஸ்கீப்பிங்ல இருந்து அம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தாங்க. இங்கிலீஷ் வராது. தரைய பாத்தாங்க, எங்கள பாத்தாங்க, "நோம், நோம்"னு சொல்லிட்டு நேரா போய் காத்து வரட்டும்னு நான் திறந்து வச்சிருந்த ஜன்னல சாத்திட்டாங்க. அம்மா என்னைய திரும்பிப் பாத்து, "நோம்பாம், இவங்களுக்கும் இருக்குபோல"ன்னா. அப்புறம் ரிசப்ஷன்ல கேட்டப்பதான் புரிஞ்சது. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வடக்கு வியட்நாம்ல இது ஒரு சீசன். குளிர்ல தரையும் சுவரும் சில்லுனு இருக்கும்போது கடல் பக்கத்துல இருந்து வெதுவெதுன்னு ஈரக்காத்து வந்து மோதும், ஐஸ் பெட்டில இருந்து எடுத்த கோலி சோடா பாட்டில் வேர்க்குற மாதிரி வீடே வேர்க்கும். ஜன்னல திறந்தா இன்னும் மோசம், நாம நல்லதுன்னு நினைச்சு செய்யறதுதான் கெடுதல். கீழ் மாடிகள்ல ரொம்ப ஜாஸ்தி, மேல போகப் போக கம்மி. எங்களுக்கு மூணாவது மாடி.

ஆக தரை வேர்க்குறது ஹோட்டல் தப்பு இல்ல. ஆனா வருஷா வருஷம் இப்படித்தான்னு தெரிஞ்ச ஊர்ல, ஏரிய ஒட்டி, அறை முழுக்க கார்ப்பெட் போட்டு அத பத்து இருபது வருஷம் மாத்தாம வச்சிருக்கிறது அவங்க தப்புதான். சென்ட்ரல் ஏசில ஈரத்த மட்டும் இழுக்குற செட்டிங்கே இல்ல. கேட்டப்புறம் ஒரு டீஹுமிடிஃபயர் தள்ளிட்டு வந்தாங்க, அத கேக்காமலே குடுத்திருக்கணும். ராத்திரி பூரா கடகடன்னு ஓடுச்சு, காலைல டப்பாவ வெளிய எடுத்தா ரெண்டு லிட்டர் தண்ணி ரொம்பி நிக்குது. இதெல்லாம் நாம மூச்சு விட்ட ரூம்ல இருந்துச்சான்னு அம்மா அந்த டப்பாவ ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

இதுல அம்மா வேற வந்த அன்னைக்கே ஒரு காட்டன் சேலைய துவைச்சு பாத்டப் மேல இழுக்குற கயித்துல போட்டுட்டா. லாண்டரிக்கு போடலாம்னா "அவன் ஒரு சேலைக்கு கேக்குற காசுல ரெண்டு சேலை எடுக்கலாம்"ங்கறா. மறுநாள் ஈரம். அதுக்கு மறுநாளும் ஈரம். அந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்து சேலைய தொட்டுப் பாத்துட்டு தலைய ஆட்டி, டீஹுமிடிஃபயர பாத்ரூமுக்குள்ள தள்ளி கதவ சாத்திட்டுப் போனாங்க. அதுக்கும் காயல. பாஷை தெரியாம அவங்க ரெண்டு பேரும் அந்தச் சேலையப் பத்தி பத்து நிமிஷம் பேசினாங்க, என்னதான் பேசினாங்களோ.

ஏரி? ஏரி எங்க. ஜன்னல் வழியா பாத்தா ஒரு நீச்சல் குளம், அதத் தாண்டி நாலு தென்னை மரம், அதுக்கப்புறம் வெள்ளைத் துணி கட்டின மாதிரி பனி. தூறல்னு சொல்ல முடியாது, நனையுற மாதிரி ஒண்ணு காத்துல தொங்கிட்டே இருக்கும். ஐநூறு ஹெக்டேர் ஏரி, ஹனோய்லயே பெருசு, சிவப்பு நதி பழைய காலத்துல ஓடின தடம்னு சொல்றாங்க, அவ்ளோ பெரிய தண்ணிய மூணு நாள் ஒளிச்சு வச்சிருந்துச்சு. நீச்சல் குளமும் மூடிட்டாங்க, பாசி.

காலைச் சாப்பாடு பத்தி சொல்லணும், சைவம்னா இங்க கொஞ்சம் உஷார். ஃபோ நூடுல்ஸ் கவுண்டர்ல பெரிய அண்டால மாட்டெலும்பு சாறு கொதிக்குது, காய்கறி வதக்கல்ல கூட மீன் சாஸ் இருக்கும். "ஆன் சாய்"னு சொன்னா சைவம்னு அர்த்தம். அம்மா, "சாய்னா டீதானடி, சோறு கேளு"ன்னு கடைசி வரைக்கும் நம்பல. அங்க இருந்த சமையல்காரத் தம்பி புரிஞ்சிக்கிட்டு ரெண்டாம் நாள்ல இருந்து அம்மாவுக்குன்னு தனியா ஒட்டரிசிச் சோறு மேல பாசிப்பருப்பு மசிச்சுப் போட்டு குடுத்தாரு, சோய் ஸெயோனு பேரு. வழக்கமா மேல கொழுப்புல பொரிச்ச வெங்காயம் போடுவாங்களாம், இதுக்கு எண்ணெய்ல தனியா பொரிச்சேன்னு சட்டிய தூக்கிக் காட்டினாரு. அம்மா மிளகு கேட்டு வாங்கி மேல தூவி, பொங்கலுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லிட்டு ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டா. மத்த பஃபே ரொம்ப சுமார், குரோசான் எல்லாம் நோம் புண்ணியத்துல நமுத்துப் போச்சு.

இன்னொண்ணு, இருபதாயிரம் டாங் நோட்டும் நீலம், அஞ்சு லட்சம் டாங் நோட்டும் நீலம். பெட்டி தூக்கிட்டு வந்த பையனுக்கு இருபதாயிரம்னு நினைச்சு அஞ்சு லட்சத்த குடுத்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல பெல் அடிக்குது, ரெண்டு கையாலயும் நோட்ட புடிச்சிக்கிட்டு நிக்கிறான். வாங்கிட்டு இருபதாயிரம் குடுக்க ஒரு மாதிரி இருந்துச்சு, லட்சம் குடுத்தேன்.

இடம் மட்டும் சூப்பர், அதுல குறையே இல்ல. கடை வீதிப் பக்கம் இருக்குற ஹார்ன் சத்தம் இங்க கிடையாது. நடந்து போற தூரத்துல ஃபூ தாய் ஹோ, ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு முனைல தாய் தெய்வம் லியூ ஹானுக்கு கோவில். ஏரி பேரு தாய் ஹோன்னா அது "மேற்கு ஏரி"தான், நம்ம தாய் இல்ல, ஆனா கோவிலப் பாத்ததும் அம்மா கேக்கல, "அதெல்லாம் இல்ல, இது தாய் ஏரிதான்"னுட்டா. சந்திர மாசத்துல ஒண்ணாந் தேதியும் பதினஞ்சாந் தேதியும் அங்க கூட்டம் தாங்காது, அன்னைக்கு நிறைய பேரு சைவம்தான் சாப்பிடுவாங்க. நாங்க போனது பௌர்ணமி. தட்டுல பழம், பூ, அதோட சாக்கோபை டப்பா, பீர் கேனு, எரிக்கிறதுக்கு காகிதப் பணம். பீர பாத்துட்டு அம்மா முகம் சுளிப்பான்னு பாத்தா, "நம்ம கருப்பசாமிக்கு வைக்கிறதில்லையா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. வாசல்ல எறா வச்சுப் பொரிக்கிற பான் தோம் வாசனை, அது ஒண்ணு சாப்பிடாம வந்தேன்னு இப்பவும் எனக்கு வருத்தம், அம்மா கூட இருந்தா.

தான் நியேன் ரோட்டுப் பக்கம் சான் குவோக் பகோடாவுக்கும் போனோம். அங்க இருக்குற போதி மரம் 1959ல நம்ம ராஜேந்திர பிரசாத் கொண்டு போய் குடுத்த கன்னு, இப்போ பெரிய மரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற சின்ன ஏரிலதான் 1967ல வியட்நாம் போர்ல, பின்னாடி அமெரிக்க செனட்டரான பைலட் ஜான் மெக்கெய்ன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விழுந்தாரு, ஒரு சிலை வச்சிருக்காங்க, அவ்ளோதான். ஹோட்டல் கடைல தாமரை டீ விக்கிறாங்க, இந்த ஏரித் தாமரைல ஒரு கிலோவுக்கு ஆயிரம் பூ கிட்ட வேணுமாம், அதுக்கேத்த விலை. பூ ஜூன்லதான் வரும். நான் விலைய மட்டும் மோந்து பாத்துட்டு வந்துட்டேன்.

கடைசி நாள் காலைல அஞ்சே முக்காலுக்கு அம்மா தட்டி எழுப்பினா. "எந்திரிடி, ஏரி வந்துடுச்சு." ராத்திரி வடக்குக் காத்து அடிச்சு எல்லாத்தையும் துடைச்சு எடுத்திருக்கு. ஜன்னலுக்கு வெளிய நாலு தென்னைக்கு அந்தப் பக்கம் தகரத் தகடு மாதிரி தண்ணி, எதிர்க்கரை பில்டிங் வரைக்கும். கரையோரமா ஆளுங்க ஓடுறாங்க, ரெண்டு பெருசுங்க அந்தக் குளிர்ல தண்ணிக்குள்ள இறங்கி நீந்துறாங்க, ஒரு மூங்கில் படகுல ஒருத்தன் வலைய இழுத்துட்டே போறான். தரை காஞ்சு கெடந்துச்சு. கார்ப்பெட் வாடை கூட பாதியா குறைஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் நாற்காலிய ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அம்மா கெட்டில்ல போட்ட காப்பியக் குடிச்சிக்கிட்டு ஏழரை வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.

எட்டு மணிக்கு பில்லு. நாலு நைட் லேக் வியூ, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 5 பர்சென்ட், அதுக்கும் மேல வேட் வரி. புக்கிங்ல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா இதுதான் அர்த்தம், நான் பாக்காம விட்டது என் தப்பு. மூணு நாள் ஏரியே தெரியல, பாதியாவது கழிங்கன்னு கேட்டேன். மேனேஜர் ரொம்ப மரியாதையா, "ஏரி அங்கேயேதான் இருந்தது மேடம்"னாரு. இதுக்கு என்ன பதில் சொல்ல.

போறதா இருந்தா அக்டோபர், நவம்பர்ல போங்க, அப்போ லேக் வியூ எடுங்க, வானம் சுத்தமா இருக்கும். பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும்னா சீப்பான ரூம், ஆனா மேல் மாடி, கார்ப்பெட் இல்லாத ரூம் இருக்கான்னு முதல்லயே கேளுங்க, டீஹுமிடிஃபயர் செக் இன்லயே கேட்டு வாங்குங்க. சைவக்காரங்க அந்த சமையல்காரத் தம்பிய தேடிப் புடிங்க. எனக்கு மார்க் போட சொன்னா அஞ்சுக்கு மூணு, அதுல ரெண்டரை ஆளுங்களுக்கு.

அந்தச் சேலைய ஈரத்தோடயே பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டு வந்தோம். திருச்சி வந்து மொட்டை மாடில போட்டா அரை மணி நேரத்துல மொறமொறன்னு காஞ்சிடுச்சு, வாடை மட்டும் இன்னும் ரெண்டு துவையலுக்கு போகல.