நாணய மோதிரம்: மடக்கியதா, பதித்ததா?

பிரிட்டிஷ் இந்திய வெள்ளிக் காசில் மோதிரம் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒரு ரூபாய்க் காசின் நடுவில் துளையிட்டு, விளிம்பை மெல்லத் தட்டி மடக்கி, காசையே வளையமாக்குவது ஒன்று; நாலணாவை முழுதாக வைத்து, சுற்றிலும் வெள்ளிச் சட்டம் கட்டிக் கொக்கிகளால் பிடித்து நிறுத்துவது மற்றொன்று. இரண்டையும் வாங்கி அணிந்து பார்த்த என் சாய்வு இரண்டாவதன் பக்கமே.

தோற்றத்தில் மடக்கு மோதிரம்தான் முந்தும். விரலோடு படிந்து கிடக்கும், எதிலும் சிக்காது. 19 மில்லிமீட்டர் அகலமுள்ள நாலணாவோ மெலிந்த விரலில் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

ஆனால் அது அசல் காசுதானா, எந்த ஆண்டுக் காசு என்று யாராவது கேட்டால், மடக்கு மோதிரத்திடம் பதில் இல்லை. ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்களில் மதிப்பும் ஆண்டும் பின்பக்கத்தின் நடுவில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். துளையிடும்போது முதலில் போவது அந்தப் பகுதியே. மிஞ்சுவது மன்னரின் பெயரும் பட்டமும் ஓரத்துப் பூவேலையும். ஆறாம் ஜார்ஜ் காசில் இந்த இழப்பு பெரிது, ஏனெனில் 1939 வரை 91.7 சதவீதமாக இருந்த வெள்ளி, 1940 முதல் 1945 வரையான ரூபாய்களில் பாதியாகக் குறைந்தது; 1947-இல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

நான் முதலில் வாங்கியது, '91.7 வெள்ளி' என்று ஒரு கண்காட்சிக் கடையில் விற்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மடக்கு மோதிரம். துளை போனபின் 11.66 கிராம் என்ற காசின் மூல எடையை வைத்துச் சோதிக்க முடியாது என்பதால், அடர்த்தியைப் பார்த்தேன். மோதிரம் 8.55 கிராம். தராசில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்துக்குள், அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டபோது அளவு 0.90 கிராம் ஏறியது; அது மோதிரம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. மோதிரத்தின் எடையை அதால் வகுத்தால் 9.5; 91.7 வெள்ளியென்றால் 10.3-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆக, பாதி வெள்ளி என்றே கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் உலோகத்தைப் பற்றிய தீர்ப்புதான். அச்சில் அடித்த காசா, அதே கலவையில் வார்த்த நகலா என்பதை அடர்த்தி சொல்லாது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, வார்ப்புக்கே உரிய நுண்குழிகள் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் தேடலாம் என்றால், தட்டி மடக்கியதில் எழுத்துகளே இழுபட்டுப் போயிருந்தன.

பதித்த மோதிரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பத்தரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, காசைப் பற்றவைக்கக் கூடாது என்பது. நெருப்புப் பட்டு ஈயமோ பற்றாசுப் பொடியோ ஒட்டிய காசைச் சேகரிப்பாளர்கள் தொடமாட்டார்கள், பிறகு அதற்கு உருக்கிய வெள்ளியின் விலைதான். நான்கு கொக்கிகளை நிமிர்த்தினால் என் 1936-ஆம் ஆண்டு நாலணா தனியே கையில் வந்துவிடும். நிறுத்தபோது 2.87 கிராம் காட்டியது; அச்சிட்ட எடை 2.92, பல கை மாறித் தேய்ந்த காசுக்கு இது இயல்பான குறைவு. ஆண்டும் தலையும் விளிம்பு வரிகளும் அப்படியே இருக்கின்றன.

இதை அணிந்து ஓராண்டுதான் ஆகிறது. கொக்கிகள் எத்தனை முறை நிமிர்த்தி மடக்கத் தாங்கும் என்பதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் அனுபவம் இல்லை. அதனால் அடிக்கடி கழற்றுவதில்லை.