நாலு பின்பால் மெஷினுக்கு ஒரு கூகுள் ஷீட்: இரண்டு வருட அனுபவம்

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு பின்பால் மெஷின் நிற்கின்றன. சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தை மட்டையால் அடித்து ஆடும் மெஷின்கள். ஃபயர்பவர் (1980), வேர்ல்விண்ட் (1990), ஃபன்ஹவுஸ் (1990), ஃபிஷ் டேல்ஸ் (1992). நாலுமே வில்லியம்ஸ் கம்பெனி சரக்கு, சிகாகோவில் செய்தவை. நான் இருப்பதும் சிகாகோ பக்கத்துப் புறநகர்தான். அதனால் அவை பிறந்த ஊரை விட்டு அதிக தூரம் போகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தவன் நான்தான்.

இந்த மெஷின்களை வாங்குவது சுலபம், ஓட வைத்திருப்பதுதான் பாடு. 80 கிராம் எஃகு உருண்டை நாள் முழுக்க மோதிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருக்கும். ரப்பர் வளையம் வெடிக்கும், பல்பு போகும், ஸ்விட்ச் இலை வளையும். எதை எப்போது சரிசெய்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள, மெஷின் ரெண்டு வரை மூளை போதும். மூன்றாவது வந்ததும் எனக்குக் குழம்பிவிட்டது.

முதலில், மாதச் சந்தா கட்டும் ஒரு செயலியை வாங்கினேன். வீட்டுச் சாமான்களின் பராமரிப்பைக் குறித்து வைப்பதற்கான செயலி அது. பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். மெஷின் படத்தைத் தொட்டால் அதன் வேலைகள் வரிசையாக வரும், முடிந்தால் பச்சை டிக். ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டியே ஆக வேண்டும்: பேட்டரி நினைவூட்டல். என்னிடம் இருப்பது போன்ற அந்தக் கால மெஷின்களில் அதிக ஸ்கோர்களையும் செட்டிங்குகளையும் காப்பாற்ற, போர்டு மேலேயே மூன்று டபுள் ஏ பேட்டரி இருக்கும். அது கசிந்தால் போர்டே அரித்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் அந்தச் செயலி என்னை எழுப்பிவிட்டது.

மற்றபடி அதற்கு நாள்காட்டி ஒன்றுதான் தெரியும். பேட்டரிக்கும் ரப்பருக்கும் நாள் கணக்கு சரி, ஆடாமல் நின்றாலும் அவை கெடும். பிளிப்பருக்கு, அதாவது பந்தை அடிக்கும் மட்டைக்கு, அது செல்லாது. நவராத்திரிக்கு மேல் மாடியில் கொலு, சுண்டல் வாங்கிய கையோடு பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கிவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் ஃபன்ஹவுஸ் ஆடும் ஆட்டம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குச் சமம். இத்தனைக்கும் எத்தனை ஆட்டம் ஆடினோம் என்ற கணக்கை மெஷினே வைத்திருக்கிறது. காசு போடும் முன்கதவான காயின் டோரைத் திறந்து உள்ளே இருக்கும் பட்டனை அமுக்கினால் ஆடிட் மெனுவில் காட்டும். அந்த எண்ணைப் போட செயலியில் இடம் இல்லை. பதினாலாவது மாதம் சந்தாவை ஏற்றினார்கள். விலகலாம் என்று பார்த்தால் என் குறிப்புகளை பிடிஎஃப் ஆக மட்டும்தான் எடுக்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்தேன்.

அப்படித்தான் கூகுள் ஷீட்ஸுக்கு வந்தேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி. தேதி, மெஷின், ஆட்டக் கணக்கு, எந்த இடம், என்ன அறிகுறி, என்ன செய்தேன், எந்த பாகம் மாற்றினேன், கடைசியாக 'செய்யாமல் விட்டது'. இந்தக் கடைசிக் கட்டம் என் அப்பாவிடமிருந்து வந்தது. கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு பம்ப்செட் மோட்டாரின் காயிலையும் பிரிக்கும்போது எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் குறித்துக்கொள்வார். ஓரத்தில் பென்சிலில் 'பேரிங் சத்தம், பார்ட்டி வேண்டாம் என்றார்' என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே மோட்டார் திரும்பி வந்தால் சண்டை போடுவதற்கு முன் அந்த ஓரத்தைத்தான் பார்ப்பார்.

ஷீட் தன் விலையை, அதாவது சும்மா கிடைத்த விலையை, எனக்குத் திருப்பிக் கொடுத்தது ஃபன்ஹவுஸின் இடது பிளிப்பர் விஷயத்தில். பத்து நிமிடம் ஆடினால் அந்தப் பக்கம் சோர்ந்துவிடும். பந்து ரேம்ப்பில் பாதி ஏறித் திரும்பி வரும். இந்த மெஷினில் பிளிப்பர் காயிலுக்குள் தனித்தனியாக ரெண்டு கம்பிச் சுற்று உண்டு. ஒன்று குறைவாகச் சுற்றிய தடித்த கம்பி, அதுதான் அடிக்கும் பலம். இன்னொன்று நிறையச் சுற்றிய மெல்லிய கம்பி, அது தூக்கியதைப் பிடித்து வைக்க மட்டும். மட்டை மேலே போய் முடியும் இடத்தில் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் என்ற சின்ன ஸ்விட்ச் திறந்து, தடித்த சுற்றின் முழுப் பலத்தை நிறுத்தி, மெல்லிய சுற்றின் பிடிக்கு மாற்றிவிடும். திறக்காவிட்டால் தடித்த சுற்று கருகும். ஒழுங்காக மூடாவிட்டால் தொடக்கத்திலிருந்தே மெல்லிய சுற்றின் பலம்தான், பிளிப்பர் சவலைப் பிள்ளை மாதிரி எழும். என்னுடையது ரெண்டாவது வகை. ஸ்விட்ச் பாயிண்ட் தீய்ந்திருந்தது. அரத்தால் ரெண்டு இழுப்பு இழுத்தேன், சரியாகிவிட்டது.

ஜனவரியில் மறுபடி. அரத்தைக் கையில் எடுத்துவிட்டு, சரி, முன்பு எப்போது செய்தோம் என்று ஷீட்டில் 'இடது பிளிப்பர்' என்று வடிகட்டினேன். பிப்ரவரி. அடுத்தது செப்டம்பர். அடுத்தது டிசம்பர். இப்போது ஐந்தே வாரத்தில். தேதிகளை மட்டும் பார்த்திருந்தால் கொலுக் கூட்டத்தின் மேல் பழி போட்டிருப்பேன். ஆட்டக் கணக்கு விடவில்லை: முதல் இடைவெளி அறுநூறு ஆட்டத்துக்கு மேல், அடுத்தது இருநூற்று ஐம்பது, கடைசி எழுபது. தேய்வது வேகமெடுக்கிறது என்றால் அரம் தேய்ப்பது மருந்தே இல்லை. பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஸ்விட்ச்சில் தீப்பொறி பறக்காமல் இருக்க 2.2 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் கண்டன்சர் ஒன்று போட்டிருப்பார்கள். அதன் ஒரு கால், முடி அகல இடைவெளியில் முறிந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும், விரலால் அசைத்தால்தான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் பொறி பறந்து பாயிண்ட்டைத் தின்றிருக்கிறது. கண்டன்சரையும் ஸ்விட்ச்சையும் புதிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு தொள்ளாயிரம் ஆட்டம் தாண்டிவிட்டது, அரம் டப்பாவில் இருக்கிறது. பழைய செயலியில் இந்த நாலும் தனித்தனியாக நாலு பச்சை டிக்காக இருந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தி வேலை செய்யும்போது கை கரியாக இருக்கும், அந்தக் கையோடு போனைத் தொட மனம் வராது. அதனால் ஒவ்வொரு காயின் டோருக்குள்ளும் ஒரு பாக்கெட் நோட்டும் பென்சிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் கிறுக்கி ஞாயிறு அன்று ஷீட்டில் ஏற்றுவதாக ஏற்பாடு. இதை எழுதும்போது மூன்று ஞாயிறு பாக்கி.

மகள் யோசனைப்படி கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் செய்து, அதன் கியூஆர் கோடை ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டினோம். ஆட வருபவர்களே கோளாறைச் சொல்லட்டும் என்று. முதலில் 'லெஃப்ட் சைடு சரியில்லை' என்று மட்டும் வந்துகொண்டிருந்தது, அதை வைத்து என்ன செய்வது. இடங்களின் பட்டியல் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்ன பிறகு உருப்படியான புகார்கள் வருகின்றன. ஃபன்ஹவுஸில் ரூடி என்று ஒரு பேசும் பொம்மைத் தலை உண்டு, கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்கும். ஊரிலிருந்து வந்த அம்மா அந்தப் படிவத்தில் தமிழிலேயே பதிவு செய்தார்: 'அந்தத் தலை என்னையே முறைக்கிறது, நிறுத்து.' நிலை என்ற கட்டத்தில் 'கோளாறு அல்ல' என்று போட்டேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

செயலிக்கு ஐந்தில் ரெண்டு நட்சத்திரம், அந்த ரெண்டும் பேட்டரிக்கு. ஷீட்டுக்கு நாலு. ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு ரெண்டுமே தேவையில்லை, கயிறு கட்டிய நோட்டு போதும். வேர்ல்விண்டின் தலையில் ஆடுபவர் முகத்தில் காற்றடிக்கும் ஒரு ஃபேன் இருக்கிறது. அதன் வரியில் 'செய்யாமல் விட்டது' கட்டத்தில் 'கரகர சத்தம், எண்ணெய்' என்று மே மாதம் எழுதியிருக்கிறேன். இப்போது அக்டோபர், கொலு வேறு வைத்தாயிற்று.