ஒரே ஒரு டிஸ்க், அதற்கு எதற்கு ரெய்டு? ஒரு ரீஃபர்பிஷ்டு பெட்டியோடு நாலு வருடம்

போன வாரம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "அண்ணே, உங்க வீட்ல இருக்கற அதே பெட்டி. 11,500 சொல்றாங்க. வாங்கலாமா?"

2021 கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் 17,000 எண்ணிக் கொடுத்து நான் வாங்கிய பழைய கம்ப்யூட்டரின் அதே மாடல். "வாங்கு" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குக் காலையில்தான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைபேசி டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, ஒரு பட்டன் செல்லோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அதனால் பதில் நீண்டுவிட்டது.

பெட்டியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏதோ ஓர் ஆபீசில் சில வருடம் உழைத்துவிட்டு விற்பனைக்கு வந்த ஒல்லி டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை ஐ5, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். அதை நான் 16 ஆக்கினேன். எனக்கு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விட்டு இன்னும் முழுதாக வெளியே வரமுடியாத தலைமுறை நான். இந்த வேலைக்கு இந்தப் பெட்டி தாராளம். மின்விசிறி சத்தமே கேட்காது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகும் அதே அறையில் வேலை செய்யலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தபோது, ஏழாம் தலைமுறை வைத்திருந்த நண்பர்கள் திண்டாடினார்கள். இது எட்டு என்பதால் 11-க்குச் சிரமமில்லாமல் மாறிக்கொண்டது. இவ்வளவு நல்ல பெட்டியை நான் ஏன் திட்டுகிறேன் என்றால், பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே கணினியை எழுப்பும் புரோகிராமில், உள்ள ஒரே ஒரு வரிக்காக.

அந்த வரியை முதலில் பார்த்தது 2022-இல். என் பெண் இன்ஜினியரிங் முதல் வருடம்; விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளமான உபுண்டுவைப் போட்டுத் தரச் சொன்னாள். சரி, விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்தில் உபுண்டுவும் இருக்கட்டும் என்று பென்டிரைவைச் செருகினேன். நிறுவும்போது பாதியில் நின்று, இந்தக் கணினியில் ஆர்எஸ்டி (டிஸ்கை நிர்வகிக்கும் இன்டெல் ஏற்பாடு) இருக்கிறது, அதை அணைத்துவிட்டு வா என்றது. பயாஸுக்குள் போனால் 'சாட்டா ஆப்பரேஷன்' என்று ஒரு பக்கம். மூன்று வட்டங்கள்: டிசேபிள்டு, ஏஎச்சிஐ, ரெய்டு ஆன். பின்னிரண்டும் டிஸ்கோடு பேசும் முறைகள்: ஏஎச்சிஐ சாதாரணமானது, ரெய்டு பல டிஸ்குகளுக்கானது. புள்ளி ரெய்டில் இருந்தது. ஏஎச்சிஐக்கு மாற்றினேன். இப்படி மாற்றினால் கணினி கிளம்பாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை என்றால் ஓகே கொடுக்கத்தானே! கொடுத்தேன்.

கிளம்பவில்லை. நீலத் திரை, சோக முகம், கீழே பொடி எழுத்தில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு இது 7பி என்ற பழைய பெயரில் பரிச்சயம். தானாகச் சரிசெய்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அன்றைக்குப் புரியாதது இதுதான்: டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும் அந்த நீலத் திரையே டிஸ்கிலிருந்துதானே வருகிறது? பிறகு விளங்கியது. ஆரம்பத்தில் டிஸ்கைப் படிப்பது பயாஸ். அது விண்டோஸின் கருவையும் தொடக்க டிரைவர்களையும் (டிஸ்க் போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்) நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் டிஸ்கைத் திறக்க வேண்டும். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து ஆளை உள்ளே விட்டுவிட்டான். ஆள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சாவியைப் போட்டால் பூட்டை மாற்றி வைத்திருக்கிறார்கள். புதுப் பூட்டுக்கான சாவியும், அதாவது ஏஎச்சிஐ டிரைவரும், விண்டோஸின் பையில்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை தேவைப்படவில்லையே என்று, கிளம்பும் நேரத்தில் எடுக்க வேண்டாத பொருட்களோடு அதைக் கட்டி உள்ளே போட்டுவிட்டது.

தீர்வு எளிது, வரிசைதான் முக்கியம். பயாஸில் பழையபடி ரெய்டுக்கே திரும்பினால் விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். கிளம்பியதும் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, பூட் என்ற பகுதியில் சேஃப் பூட்டுக்கு டிக் போட வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸுக்குள் புகுந்து ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். சேஃப் மோடில் வரும்போது விண்டோஸ் பையைக் கொட்டி எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்க்கும், புதியது பொருந்திவிடும். உள்ளே போனதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். பத்து நிமிட வேலை. எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, ஏனென்றால் சேஃப் மோடில் என் நாலு இலக்கப் பின் எண் செல்லவில்லை, பாஸ்வேர்டைக் கேட்டது. பாஸ்வேர்டு எங்கே எழுதி வைத்தேன் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டி, கடைசியில் பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் கிடைத்தது.

அதன் பிறகு மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பெண் உபுண்டுவில், நான் விண்டோஸில்.

போன வருடம் ஜூலையில், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லாத ஒரு நாள். மாலை வந்து பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் 'டைம் ஆஃப் டே நாட் செட்', தொடர எஃப்1 அழுத்து என்றது. அழுத்தினேன். அதே நீலம், அதே சோக முகம். உபுண்டு பக்கம் போனால் அதுவும் பாதி தூரம் வந்து, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று ஒரு வரியை எங்கோ ஓடவிட்டுவிட்டு நின்றது. அந்த வரியை அன்றைக்கு நான் படிக்கவில்லை. மறுநாள் காலை பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். பையன் திரையை ஒரு பார்வை பார்த்தான். "எஸ்எஸ்டி போயிருச்சு சார். புதுசு மாத்தி ஓஎஸ் போட்டுரலாம். 3,500 ஆகும்."

"உள்ள இருக்கற ஃபைல்?"

"அது கஷ்டம் சார்."

அந்த 'கஷ்டம் சார்' எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் திரும்பும்போதுதான், இந்த நீலத்தை முன்பே பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. வீட்டுக்கு வந்து பயாஸைத் திறந்தால், புள்ளி ரெய்டில் உட்கார்ந்திருக்கிறது. ஏஎச்சிஐக்கு நகர்த்தினேன். விண்டோஸ் வந்தது, பத்திரிகையும் அப்படியே இருந்தது. இந்த முறை சேஃப் மோடெல்லாம் தேவைப்படவில்லை, ஏஎச்சிஐ சாவி ஏற்கெனவே கையில் இருந்ததால். கடிகாரம் மட்டும் 2018 என்று காட்டியது. அதைத் திருத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

என் முட்டாள்தனத்தின் அளவு இதுதான்: கடிகாரத்தையும் ரெய்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆனது. செப்டம்பரில் ஒருமுறை. தீபாவளிக்கு நாலு நாள் மாமனார் வீட்டுக்குப் போனபோது மெயினை அணைத்துவிட்டுப் போய்த் திரும்பியதும் ஒருமுறை. பொங்கல் முடிந்து ஒருமுறை. ஒவ்வொரு முறையும் எஃப்2, சாட்டா ஆப்பரேஷன், ஏஎச்சிஐ, அப்ளை. வீட்டில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "அப்பா, உன் பெட்டிக்கு மறுபடி மறதி வந்துடுச்சு."

மறதிதான். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் செத்துக்கொண்டிருந்தது. நாம் ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கடிகாரமும் நினைவும் அதில் பிழைத்துக்கொள்ளும். தினமும் ராத்திரி அணைத்தும் காலையில் ஒழுங்காக வந்தது அதனால்தான். கரண்ட் அடியோடு போய், யூபிஎஸ்ஸும் ஓய்ந்த பிறகுதான் எல்லாப் பாரமும் அந்தச் செல்லின் தலையில் விழுகிறது. அது தாங்காதபோது பயாஸ் நம் அமைப்புகளை மறந்து, கம்பெனி வைத்த அமைப்புக்குத் திரும்புகிறது. கம்பெனி வைத்ததோ, ரெய்டு.

என் கோபமெல்லாம் இங்கேதான். ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் வித்தை. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் அந்தப் பெயரில் கட்டுரை எழுதியபோது, விலை மலிந்த சின்ன டிஸ்குகள் பலவற்றைக் கூட்டணி சேர்ப்பதுதான் யோசனை. இந்தப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். ஒற்றை ஆளை நிற்க வைத்து எதற்குக் கூட்டணி? நியாயமாகச் சொன்னால் கம்பெனிக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்: பெரிய ஆபீஸ்களுக்கு மொத்தமாகப் போகும் பெட்டி, இரண்டு டிஸ்க் போடுபவரும் உண்டு, அந்தச் சமயத்தில் ஆப்டேன் என்ற வேகநினைவை வைத்து விற்றவர்களுக்கு இந்த அமைப்பு வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்றால் அவர்களுக்கு வேலை மிச்சம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பொங்கல் முடிந்த மறுநாள் காலை நீலத் திரையைப் பார்த்தவனிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, செல். கடிகாரக் கடையில் 40 ரூபாய். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதைத்தான் 2032 என்று பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரிஜினலில் இருக்க வேண்டியது 3 வோல்ட்; பழையதை மீட்டரில் வைத்தால் 2.3. வாங்குவது சுலபம். இந்த ஒல்லிப் பெட்டியில் அது இருக்கும் இடம்தான் வேதனை. டிவிடி டிரைவும் ஹார்ட்டிஸ்க் கூண்டும் சேர்ந்த ஒரு தகரத் தொட்டிலைத் தூக்கி மடக்கினால், அதன் நிழலில், பவர் கேபிள் கொத்துக்கு அடியில் படுத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள சின்ன உலோக நாக்கைப் பின்னுக்குத் தள்ளினால் செல் தானாக எகிறி வர வேண்டும். வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் பயம். போர்டைக் கீறிவிட்டால் 40 ரூபாய் வேலை 4,000 ஆகிவிடும். கடைசியில் மனைவியின் தலை ஊக்கு உதவியது, பிளாஸ்டிக் முனை உள்ளது. டக் என்று எகிறி, யூபிஎஸ்ஸுக்கு அடியில் உருண்டு, அதைத் தேட இன்னொரு பத்து நிமிடம்.

புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே வர வைத்து அழுத்தினேன். பயாஸில் தேதியைத் திருத்தி, கடைசியாக ஒருமுறை ஏஎச்சிஐ வைத்தேன். சோதிக்க வேண்டுமே, பிளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் நேரம் சரியாக இருந்தது. விண்டோஸும் வந்தது.

ஆகவே தம்பி, நீ வாங்குவதாக இருந்தால் கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லிச் செல்லை மாற்றி வாங்கு. 40 ரூபாய்க்குக் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். ஏஎச்சிஐயா ரெய்டா என்பதை விண்டோஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய். போட்ட பிறகு அந்தப் பக்கத்துக்கே போகாதே. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்கைத் தானே பூட்டி வைத்திருக்கக்கூடும். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உன் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, தாளில் எழுதி வை, பால் நோட்டில் அல்ல. இரண்டு டிஸ்கை உண்மையாகவே ரெய்டில் கட்டியிருந்தால் இந்த வித்தை எதையும் செய்யாதே, அது வேறு கதை. ஒற்றை டிஸ்க் என்றால், திடீரென்று நீலம் வந்ததும் எவன் ஃபார்மேட் அடிக்கலாம் என்றாலும் நம்பாதே. முதலில் கடிகாரத்தைப் பார்.

வாங்கலாமா என்று கேட்டாய். நாலு வருடத்தில் என் தொழிலை ஒருநாள்கூடக் கெடுக்காத பெட்டி, அந்த ஜூலை மாலையைத் தவிர. சத்தம் கிடையாது, சூடு கிடையாது, கரண்டும் அதிகம் குடிக்காது. ஆனால் இப்போது என் விரல் நகத்துக்குள் இருக்கும் அழுக்கையும், தலை ஊக்கை உடைத்ததற்கு நான் வாங்கிய பேச்சையும் வைத்துச் சொல்கிறேன்: வாங்காதே. வேறு பார்.

அப்புறம், நீ வாங்கவில்லை என்றால் அந்தக் கடைக்காரர் நம்பரை எனக்கு அனுப்பு. 11,000-க்கு முடிப்பாரா என்று கேட்க வேண்டும். பெண்ணுக்குத் தனியாக ஒன்று தேவைப்படுகிறது.