.44 மேக்னம் ரிவால்வருக்கு நடுத்தர லோடு: யுனிக் மருந்தின் நீண்டநாள் பயன்பாடு

முழு பலத்தில் 240 கிரெயின் எடையுள்ள குண்டு .44 மேக்னம் குழலிலிருந்து நொடிக்கு 1,300 அடிக்கு மேல் பாயும். ஒரு மாலையில் நூறு தோட்டா சுட்டுப் பழக அது ஏற்றதல்ல. மணிக்கட்டு முதலில் கைவிடும், பிறகு குறி. அமெரிக்காவில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் சுடுநர்கள் நாடுவது நொடிக்கு 900 முதல் 1,000 அடி வரையிலான நடுத்தர லோடு, அதாவது நடுத்தர பலத்தில் நிரப்பிய தோட்டா. ஈயக்குண்டு, சாதாரண பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), தாங்கக்கூடிய உதைப்பு. இதற்கு எந்த வெடிமருந்து என்ற கேள்விக்கு நீண்டநாள் பயன்பாடு தரும் பதில் அலையன்ட் நிறுவனத்தின் யுனிக். அதற்கும் குறைகள் உண்டு.

சிக்கலின் வேர் தோட்டாக் கூட்டின் அளவில் இருக்கிறது. மேக்னத்துக்கு முன்னோடியாக 1907இல் வந்த .44 ஸ்பெஷலின் கூடு 1.16 அங்குலம். 1950களின் நடுவில் வந்த மேக்னம் கூடு 1.285 அங்குலம். மெதுவாக எரியும் மருந்தை நிறையக் கொட்டி அடைப்பதற்காகவே கூட்டை நீட்டினார்கள். அழுத்த வரம்பும் அப்படித்தான்: ஸ்பெஷலுக்கு சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. நடுத்தர லோடு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து கிடந்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பற்றிக்கொள்ள வேண்டும்.

மேக்னத்துக்கென்று வாங்கிய, மெதுவாக எரியும் ஹெச்110 மருந்து டப்பாவிலிருந்தே அளவைக் குறைத்துப் போட்டுவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். கூடவே கூடாது. ஹெச்110ம் வின்செஸ்டர் 296ம் ஒரே மருந்து. அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்பது ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்சரிக்கை. இந்த உருண்டை மருந்து சீராக எரிய அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் பற்றும் நெருப்பு திக்கும், குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். சத்தம் கம்மியாகக் கேட்டதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், சில சமயம் பிளக்கும். சத்தத்திலோ உதைப்பிலோ ஐயம் வந்தால், துப்பாக்கியைக் காலி செய்து குழலில் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது.

மறுமுனையில் டைட்குரூப், புல்ஸ்ஐ போன்ற வேக மருந்துகள். செலவு குறைவு; சிறிதளவே போதும். ஆனால் அந்தச் சிறிதளவு நீண்ட கூட்டின் அடியில் கிடக்கும்போது, இரண்டு முறை விழுந்திருந்தாலும் மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. கவனம் சிதறாத ஒருவர் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கில் நிரப்புகிறவர் எல்லா நாளும் அப்படி இருப்பார் என்று நம்பித் திட்டமிடக் கூடாது.

யுனிக் நடுவே நிற்பது இதனால்தான். பெரிய தட்டைச் செதில்கள், எடைக்கு இடம் அதிகம் அடைக்கும். நடுத்தர அளவு மேக்னம் கூட்டின் பாதிக்குக் கீழே நிற்கும். இரட்டை அளவு விழுந்தால் வழியாது என்பது உண்மைதான். ஆனால் கூட்டின் வாய்ப்பக்கம் ஏறி நிற்கும். நிரப்பிய கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்தால் உயர்ந்து நிற்கும் ஒன்று உடனே காட்டிக்கொடுக்கும். இந்தப் பார்வையைத் தவிர்க்க எந்த மருந்தும் அனுமதி தராது.

அளவு எவ்வளவு என்பதை மருந்து தயாரிப்பாளரின் இப்போதைய அட்டவணையில், அதே எடை, அதே வகைக் குண்டுக்குப் பார்த்து, தொடக்க அளவிலிருந்தே ஏற வேண்டும். குண்டு மாறினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 8 கிரெயின் போனால் 875 தோட்டா. நடுத்தர லோடுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே கட்டுப்படியாகும்.

யுனிக்கின் பெரிய குறை, மருந்தை அளந்து கொட்டும் அளவுக் கருவியில் தெரியும். செதில்கள் வாய்க்குழியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து பாலம் கட்டும். ஒரு வீச்சு குறைய, அடுத்தது கூடுதலாக விழும். கைப்பிடியை ஒரே வேகத்தில் இறக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரி லேசாகத் தட்டி, தொட்டியில் மருந்து மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போகாமல் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. கருவியின் அளவைச் சரிசெய்யும்போது ஒற்றை வீச்சை நம்பாமல், பத்து வீச்சைச் சேர்த்து எடை போட்டு வகுத்துப் பாருங்கள். பிறகு தனித்தனியாகவும் சிலவற்றை. சராசரி சரியாக இருந்து ஏற்ற இறக்கம் பெரிதாக இருப்பதும் உண்டு.

அளவு சீராக விழுவதுதான் முக்கியம் என்றால் ஹெச்பி-38. வின்செஸ்டர் 231 என்ற பெயரில் வருவதும் இதே மருந்துதான். மணி மணியாக விழும், சுத்தமாக எரியும். கொஞ்சம் வேகமானது, கூட்டில் குறைவாக நிற்கும். 800, 900 அடிக்கு இதுவே போதும், அதற்கு மேல் யுனிக் இன்னும் அமைதியாக வேலை செய்கிறது. ஹாட்ஜ்டனின் யுனிவர்சல் யுனிக்குக்கு நெருங்கிய மாற்று, புகைக்கரி குறைவு. ஆனால் ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்துப் போடக்கூடாது. 2400 என்ற மருந்து மேல்நிலை நடுத்தரத்துக்கு அருமை. தாழ்ந்த அளவில் எரியாத மணிகளை விட்டுவைக்கும். வளைய வடிவ டிரெயில் பாஸ் கூட்டை நிறைக்கும், மிக மென்மையான லோடுக்கு மட்டும்.

மருந்தைக் குறை சொல்லும் முன் கிரிம்ப்பை, அதாவது கூட்டு வாயைக் குண்டின்மேல் மடித்து இறுக்குவதை, பாருங்கள். எரியாத செதில், வேகத்தில் தடுமாற்றம் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் குண்டைக் கூடு இறுக்கிப் பிடிக்காததுதான். நிரப்பும் முன் கூட்டு வாயை விரிக்கும் உருளை அளவுக்கு மீறித் தடித்திருந்தால் என்ன கிரிம்ப் போட்டும் பிடிப்பு வராது. குண்டின் பள்ளத்தில் கூட்டு வாய் உருண்டு மடிய வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டால் உதைப்பில் மீதித் தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நகர்ந்து, சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும்.

மருந்து கூட்டின் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் வேகத்தை மாற்றும். சோதிப்பது எளிது: ஐந்து தோட்டாவை, ஒவ்வொன்றுக்கும் முன் குழலை மேலே தூக்கி மெதுவாகக் கிடையாக்கிச் சுடுங்கள், இன்னும் ஐந்தைக் குழலைக் கீழே சாய்த்துவிட்டு. முதலதில் மருந்து பிரைமர் பக்கம் கிடப்பதால் வேகம் கூடும். வேகம் அளக்கும் குரோனோகிராப் காட்டும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்த லோடு மானின் மேல் சுட ஏற்றதல்ல.

ஈயக்குண்டு மிகக் கடினமாக இருந்தாலும் தொல்லை. இந்த அழுத்தத்தில் அதன் அடி விரிந்து குழலை அடைக்காது. சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் பூசும். பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் 10 முதல் 12 வரையான மென்மையான கலவை, சிலிண்டர் வாயளவுக்குச் சரியான குண்டு. இதில் மருந்தை மாற்றிப் பயனில்லை.

ஸ்பெஷல் கூட்டைப் பயன்படுத்தாமல் மேக்னம் கூட்டிலேயே நடுத்தர லோடு நிரப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. குட்டையான கூட்டைத் தொடர்ந்து சுட்டால் சிலிண்டரின் அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படிந்து, பிறகு நீளமான கூடு உள்ளே போக மறுக்கும்.

யுனிக் சுட்டபின் காலிக்கூட்டை வெளியேற்றும்போது குழலை நேர் மேலே பிடித்து, தண்டை ஒரே அடியாக அழுத்துங்கள். கிடையாகப் பிடித்தால் எரியாத செதில் ஒன்று, காலிக்கூடுகளை வெளியேற்றும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் விழும். மணல் துகள் அளவுதான், ஆனால் நட்சத்திரம் முழுதாக உட்காராது. சிலிண்டர் மூட இறுகும், சுத்தியல் பின்னே வரக் கனக்கும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் பையில் இருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் தொட்டியிலுள்ள மருந்தை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்புங்கள். ஒரு சமயம் மேசையில் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும். இரவெல்லாம் தொட்டியில் விட்டால் பிளாஸ்டிக் கறைபடும், காலையில் உள்ளே இருப்பது எது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர் தெரியாத மருந்தையும், புளித்த நெடியும் செந்தூளும் காட்டும் பழைய மருந்தையும் தோட்டாவில் போடவே கூடாது.