நாவலுக்கு ஒரு பரிசு, வாசிப்புக்கு ஒரு பரிசு

ஜெர்மன் மொழிப் புனைகதைக்கான பரிசுகளில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: 2005 முதல் வழங்கப்படும் ஜெர்மன் புத்தகப் பரிசும், 1977 முதல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் வழங்கப்படும் இங்கெபோர்க் பாக்மன் பரிசும்.

முன்னதை நடத்துவது பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கம். பதிப்பகங்கள் அனுப்பும் நாவல்களிலிருந்து ஏழு நடுவர்கள் இருபதைத் தேர்ந்து, அதை ஆறாகக் குறைத்து, பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சி தொடங்கும் வேளையில் ஒன்றை அறிவிக்கிறார்கள். வென்றவருக்கு 25,000 யூரோ. மற்ற ஐவருக்கும் தலா 2,500. விற்பனையைக் கூட்டுவதும் இதன் நோக்கம் என்பதை யாரும் மறைப்பதில்லை.

கிளாகன்ஃபுர்ட்டிலோ நூல் அச்சேறியிருக்கவே கூடாது. எழுத்தாளர் வெளிவராத தம் படைப்பை ஏறத்தாழ அரை மணி நேரம் வாசிக்கிறார். வாசித்து முடித்ததும், அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, நடுவர்கள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து விவாதிப்பது தொலைக்காட்சியில் நேரலையாகப் போகிறது. 1983-இல் ரைனால்ட் கெட்ஸ் வாசிப்பின் நடுவே பிளேடால் நெற்றியைக் கீறிக்கொண்டு, தாளில் ரத்தம் சொட்டச் சொட்டத் தொடர்ந்து படித்தார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1980-இல் அழைக்கப்பட்டும் கிழக்கு ஜெர்மனி அரசு அனுமதி மறுத்ததால் வர முடியாத ஹெல்கா ஷூபெர்ட், 2020-இல், தம் எண்பதாவது வயதில், இதை வென்றார்.

எந்த நாவலை வாங்கலாம் என்று தேடுபவருக்குப் பிராங்பர்ட்டின் பட்டியலே கைகொடுக்கும். ஒரு கதையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கு, சற்றுக் கொடூரமாகவே இருந்தாலும், நான் கிளாகன்ஃபுர்ட்டையே சொல்வேன்.